தவறணையும் தலைமுறையும்: வன்னியில் மதுவின் கதை

வன்னியின் வரலாறு என்றால் குளங்களைப் பற்றிப் பேசுகிறோம். வன்னிமைகளையும் பண்டாரவன்னியனையும் பேசுகிறோம். அதற்குப் பிறகு குடியேற்றத் திட்டங்கள், இடப்பெயர்வு, யுத்தம் என்று பேச்சு நகர்கிறது. இந்தப் பேச்சில் தவறணை ஓரத்திலேதான் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் இந்த மண்ணை ஆண்டவர்கள் மதுவைப் பற்றி ஒரு முடிவை எடுத்தே இருக்கிறார்கள். சிலர் அதை வருமானமாக்கினார்கள், சிலர் வாக்குக்கு விட்டார்கள், சிலர் துவக்கால் அடக்கினார்கள். அந்த முடிவுகளின் வரிசையைப் பார்த்தால், இன்றைக்கு எங்கட பிள்ளைகள் நிற்கிற இடம் கொஞ்சம் தெளிவாகும்.

"ஹராம் எண்டு முடிஞ்ச ஒரு விஷயத்துக்கு வரலாறு எதுக்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு காரணங்களைச் சொல்வேன். முதலாவது, வன்னியில் முஸ்லிம்கள் தனித் தீவில் வாழ்ந்தவர்கள் அல்லர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா போன்ற ஊர்களில் பக்கத்து வீட்டோடும் பக்கத்து வயலோடும் கலந்து வாழ்ந்தவர்கள். அந்தப் பக்கத்து வீட்டின் துயரம் எங்கள் வேலிக்கு வெளியே நிற்பதில்லை. இரண்டாவது, மதுவிலக்கு என்ற கட்டளைக்கே ஒரு வரலாறு உண்டு. அது எப்படி வந்தது என்பதில், அது என்ன சொல்கிறது என்பதற்குச் சமமான பாடம் இருக்கிறது.

சொல்லுக்குள் இருக்கும் வரலாறு

தமிழ் படித்தவன் என்பதால் சொல்லில் இருந்து தொடங்குகிறேன். 'அல்கஹோல்' என்ற சொல்லின் மூலம் அரபுமொழியின் 'அல்குஹ்ல்'. கண்ணுக்கு இடும் சுர்மா போன்ற நுண்தூளைக் குறித்த சொல் அது. நன்றாகப் பிரித்தெடுத்த சாரம் என்று ஐரோப்பாவில் அதன் பொருள் விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் பரசெல்சஸ் அதைத் திராட்சை மதுவின் சாரத்துக்கு வைத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, வடித்தெடுக்கும் கலையைச் செம்மைப்படுத்திய முஸ்லிம் அறிஞர்கள் பன்னீரும் வாசனைத் தைலமும் மருந்தும் செய்துகொண்டிருந்தார்கள். அல்கிந்தி வாசனைத் திரவியங்களுக்கென்றே நூல் எழுதியவர்.

ஆங்கிலேயர் 'அரக்' என்று எழுதிய சொல்லும் அரபுதான். 'அறக்' என்றால் வியர்வை. வாலைக் குழாயின் முனையில் துளித்துளியாகச் சொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர். நாங்கள் அதைச் சாராயம் என்கிறோம். விற்கும் இடத்தை யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் 'தவறணை' என்பார்கள். அது போர்த்துக்கேயரின் 'தவேர்னா'. கள்ளு எங்கள் மொழிக்குப் பழைய சொல். சங்கப் பாடல்களில் கள், தேறல், நறவு என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. ஆகக் கள்ளு ஊருக்குரியது, தவறணை வெளியே இருந்து வந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லே சொல்லித் தருகிறது: வீட்டிலும் வாடியிலும் இருந்த குடியை ஒரு கடையாக, வரி வாங்கும் ஓர் இடமாக மாற்றியது ஐரோப்பிய ஆட்சி.

தமிழ் இலக்கியம் கள்ளைப் பாடியதோடு நின்றுவிடவுமில்லை. திருவள்ளுவர் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கினார். பெற்ற தாயே முகம் சுளிக்கும் ஒரு நிலையைச் சான்றோர் எப்படிப் பொறுப்பார்கள் என்று அவர் கேட்பார். மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் தீவில் கரையொதுங்கிய சாதுவன், நாகர் தலைவன் கொடுத்த மதுவை மறுக்கிறான். ஏன் மறுக்கிறான் என்பதை அந்தத் தலைவனோடு உட்கார்ந்து விளக்குகிறான். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுகநாவலர் தம் பாலபாடத்தில் கள்ளுண்ணலைப் பற்றிப் பிள்ளைகளுக்கென்று எழுதினார். அமெரிக்க மிஷனாரும் குடியை விடச் சொன்னார்கள். சைவரும் கிறிஸ்தவரும் எதிரெதிரே நின்று வாதிட்ட யாழ்ப்பாணத்தில் இரு தரப்பும் உடன்பட்ட விஷயங்களில் இது ஒன்று.

பேரீச்சையும் பனையும்

அல்குர்ஆனில் மது பற்றிய பேச்சு ஒரே நாளில் முடிந்ததல்ல. மக்காவில் இறங்கிய அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் பேரீச்சையையும் திராட்சையையும் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து மனிதர் போதையையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்று இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. தடை அங்கே இல்லை. சிந்திப்பவருக்கு ஒரு சைகை மட்டும் உண்டு. பின்னர் அல்பகறா 219 அதன் பாவம் பயனை விடப் பெரியது என்றது. அந்நிஸா 43 போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்றது. ஐந்து நேரம் தொழும் ஒருவருக்கு அதன் பிறகு குடிக்க எந்த நேரம் மிஞ்சும்? கடைசியாக அல்மாயிதா 90, 91 வசனங்கள் முற்றாகத் தடுத்தன.

அந்த அறிவிப்பு மதீனாவில் ஒலித்தபோது அபூதல்ஹா (ரழி) அவர்களின் வீட்டில் ஒரு கூட்டம் இருந்தது. பேரீச்சங்காயில் செய்த ஃபழீக் என்ற பானம் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. பரிமாறியவர் அனஸ் இப்னு மாலிக் (ரழி). தெருவில் கூவும் சத்தம் கேட்டதும், போய்க் கொட்டிவிடும்படி அபூதல்ஹா சொன்னார்கள். மதீனாவின் வீதிகளில் மது ஓடியது. ஸஹீஹுல் புகாரியில் வரும் இந்தச் செய்தியை ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதில் ஒரு விவரம் கவனிக்கப்படாமலே போகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸுக்கு வயது 10 அளவில். அப்படியானால் அந்தச் சபையில் குவளை ஏந்தி நின்றவர் பதின்வயதுப் பையன். பெரியவர்கள் குடித்தார்கள், இளையவர் ஊற்றிக் கொடுத்தார். தடை வந்தபோது முதலில் கைகள் விடுதலையானது அந்தப் பிள்ளைக்குத்தான்.

இதோடு ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்ன ஒரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் சுவர்க்கமும் நரகமும் பற்றிய வசனங்கள் இறங்கின; மக்களின் உள்ளம் இஸ்லாத்தில் நிலைகொண்ட பிறகுதான் ஹலால் ஹராம் வந்தது; எடுத்த எடுப்பிலேயே குடிக்காதே என்று இறங்கியிருந்தால் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்பது அதன் கருத்து. உள்ளம் முன்னால், சட்டம் பின்னால். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வருவோம்.

மதீனாவுக்குப் பேரீச்சை போல வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பனை. ஒரே பாளை, ஒரே சாறு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காமல் கருப்பணியாக இறங்கும். காய்ச்சினால் பனங்கட்டி, இன்னும் பக்குவப்படுத்தினால் கற்கண்டு. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நொதியங்கள் சில மணி நேரத்திலேயே சீனியை மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடும். அதுதான் கள்ளு. கள்ளில் மதுசாரம் சுமார் 4 முதல் 6 வீதம். அதை வடித்தால் சாராயம். அதில் மதுசாரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். அந்நஹ்ல் வசனம் சொன்ன இரண்டு வழிகளும் ஒரே பனையின் உச்சியில், ஒரு விரல் சுண்ணாம்பு வித்தியாசத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குடித்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். இழிவு மட்டும் மரத்தில் ஏறிய சீவல் தொழிலாளியின் தோளில் ஏற்றப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து ஏறியவன் கீழானவன், நிழலில் இருந்து குடித்தவன் பெரிய மனுஷன். மதுவைப் பற்றிய எங்கள் பேச்சு இந்த அநியாயத்தைத் திரும்பச் செய்யக்கூடாது.

குத்தகையும் வாக்கும்

ஒல்லாந்தர் காலத்தில் சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. ஆங்கிலேயர் அதைத் தொடர்ந்து பெரிதாக்கினர். ஒரு பகுதியில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் போகும். கூடுதலாகக் கேட்டவர் எடுப்பார். எடுத்த பணத்துக்கு மேலே உழைக்க வேண்டுமென்றால் தவறணைகளில் விற்பனை கூட வேண்டும். அரசும் குத்தகைக்காரரும் ஒரே பக்கம், குடிப்பவன் மறுபக்கம். கோப்பித் தோட்டங்கள் 1830களிலிருந்து பெருகியபோது தவறணைகளும் அவற்றைத் தொடர்ந்து சென்றன. கூலி ஒரு கையில் கொடுக்கப்பட்டது, மறு கையால் வாங்கப்பட்டது. மொறட்டுவையின் ஜெரோனிஸ் த சொய்சா உட்பட, இலங்கையின் புதிய செல்வந்தர் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் சாராயக் குத்தகையில் வந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இதற்கு எதிர்ப்பு 1904இல் தெற்கில் மதுவொழிப்பு இயக்கமாக எழுந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்ததும் அது இன்னும் வலுத்தது. புதிய முறையில் கள்ளுத் தவறணைகள் நாடு முழுவதும் திறக்கப்பட்டன. கிராமத்துக்கே குடி வந்து சேர்ந்தது என்று மக்கள் கொதித்தார்கள். டீ. எஸ். சேனாநாயக்க, எஃப். ஆர். சேனாநாயக்க, டீ. பீ. ஜயதிலக்க போன்றோர் அந்த மேடைகளில்தான் அரசியலுக்குப் பழகினார்கள்.

எங்கள் சமூகத்துக்கு இந்த அத்தியாயம் கசப்பும் கலந்தது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோது, மதுவொழிப்பு இயக்கத்தின் பின்னால் அரச எதிர்ப்புச் சதி இருப்பதாகச் சந்தேகித்த ஆங்கிலேயர் அதன் தலைவர்கள் பலரைச் சிறையில் அடைத்தனர். சதி என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பேச்சில், குடிக்கு எதிரான கோபமும் பிற சமூகத்து வியாபாரிகளுக்கு எதிரான கோபமும் சில வாய்களில் ஒன்றாகவே வந்தன என்பதும் உண்மை. நல்ல நோக்கம் ஒன்று இன்னொரு சமூகத்தின் மீதான வெறுப்போடு கூட்டுச் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 1915 சாட்சி. மது ஒழிப்பைப் பேசும்போது 'அவங்கட பழக்கம்' என்று விரல் நீட்டுகிற எங்களில் சிலருக்கும் இது பொருந்தும்.

அந்த இயக்கத்தின் நல்ல விளைவாக உள்ளூர் வாக்கெடுப்பு முறை வந்தது. ஒரு பிரதேசத்து மக்கள் வாக்களித்துத் தங்கள் தவறணையை மூடச் செய்யலாம். 1920களில் வடக்கில் பல தவறணைகள் இப்படி மூடப்பட்டன. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒரே மேடையில் பேசியது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் தமிழ்நாட்டின் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அங்கே சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. விற்பனை வரியும் போகவில்லை. அமெரிக்கா 1920இல் நாடு முழுவதும் தடுத்து 1933இல் கைவிட்டது. சட்டம் மட்டும் தனியே நின்ற இடங்களில் கதை இப்படித்தான் முடிந்திருக்கிறது.

வன்னியில்

வன்னி நீண்ட காலம் ஆள் குறைந்த, காய்ச்சல் மிகுந்த நிலம். 1895இல் ஜே. பீ. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு காட்டும் வன்னி, சிதறிய குளக்கட்டுக் கிராமங்களின் வன்னி. 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுக் குளமும் பின்னர் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த குடியேற்றங்களும் அதை மாற்றின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களோடு, 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் வந்தார்கள். காடு வெட்டி, மேடு திருத்தி, ஒன்றுமில்லாத இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர்கள். பகலெல்லாம் மண்வெட்டி, பின்னேரம் தவறணை. தோட்டத்துத் தவறணையில் தொடங்கிய பழக்கம் சிலரோடு லொறி ஏறி வன்னிக்கும் வந்தது.

1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. சீவல் தொழிலாளர் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து ஓரளவு விடுபட்டனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கருப்பணியையும் பனங்கட்டியையும் தொழிலாக்கும் திட்டங்கள் பேசப்பட்டன. கள்ளை விட்டால் சீவல் தொழிலாளிக்கு வேறு வழி என்ன என்ற கேள்விக்கு விடை தேடிய முயற்சி அது. யுத்தம் அந்த விடையை முழுதாக எழுத விடவில்லை.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்றின் பாங்கொலி நின்றது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அதன் பிறகு வன்னியில் நடந்ததை நாங்கள் தூரத்திலிருந்தே அறிந்தோம். புலிகளின் ஆட்சியில் உறுப்பினர்கள் மதுவைத் தொடுவதற்கில்லை. கசிப்புக் காய்ச்சியவர்களுக்குக் கடும் தண்டனை. எங்களை வெளியேற்றிய அதிகாரம் மதுவையும் அடக்கியது என்பதைச் சொல்ல ஒரு முஸ்லிமுக்குத் தயக்கம் வரலாம். வரலாறு எழுதுகிறவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த அடக்குமுறை துவக்கின் நிழலில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 மே மாதத்தில் துவக்கு போனதும் அந்தக் கட்டுப்பாடும் ஒரே நாளில் போய்விட்டது. உள்ளத்தில் வேர் விடாத தடைக்கு வெளியே நிற்கிற காவலாள்தான் ஆயுள்.

காவலாள் போன இடத்தில் என்ன இருந்தது? செட்டிகுளத்து முகாம்களில் கம்பிக்குப் பின்னால் கிடந்து வெளியே வந்த குடும்பங்கள். உழைக்கும் கை ஒன்று இல்லாத வீடுகள். காணாமல் போனவரைத் தேடும் தாய்மார். உளவியல் மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தனிமனிதக் காயத்துக்கும் மேலான ஒரு கூட்டுக் காயம் என்று விளக்கினார்; சமூகத்தின் பிணைப்புகளே அறுந்துபோன நிலை அது. யுத்தத்துக்குப் பின் பெருகிய குடியை அவர் அந்தக் காயத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே பார்த்தார். திறந்த ஏ-9 வீதியால் கம்பெனிச் சாராயமும் பியரும் வந்தன. காட்டோரங்களில் கோடா பீப்பாய்கள் புதைந்தன. நித்திரை வராத ஒரு தகப்பன் நித்திரைக்காகக் குடித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை.

உடம்புக்குள் நடப்பது

வகுப்பில் கள்ளுண்ணாமை படிப்பிக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: "சேர், குடிச்சா உசார் வரும் எண்டுதானே சொல்லுறாங்க? பிறகு ஏன் அது மயக்கம் எண்டு வள்ளுவர் சொல்றார்?" இந்தக் கேள்விக்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் விடை இல்லை, விஞ்ஞானத்தில் உண்டு.

மதுசாரம் உசார் மருந்து அல்ல. மைய நரம்புத் தொகுதியை மந்தப்படுத்தும் மருந்து. நித்திரைக் குளிசைகளின் இனம். மூளையில் நரம்புக் கலங்களை அமர்த்தும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை அது கூட்டுகிறது. தூண்டும் குளுட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. அப்படியானால் தொடக்கத்தில் வரும் அந்த உசார் எங்கிருந்து? முதலில் மந்தமாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. வெட்கம், தயக்கம், பின்விளைவை எண்ணுதல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பள்ளத்தில் இறங்கும் சைக்கிளுக்குப் பிறேக் கழன்றால் அது வேகமாகத்தான் ஓடும். ஓட்டியவனுக்குப் பலம் கூடியதால் வந்த வேகம் இல்லை அது. அளவு கூடக் கூட மந்தம் பின்னோக்கிப் பரவும். நாக்குத் தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு பதியாது. கடைசியில் சுவாசத்தை நடத்தும் மையமும் அடங்கிவிடும். கள்ளுண்டவனுக்கு நியாயம் சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்று வள்ளுவர் கண்டது இந்த முன்மூளை இல்லாத நிலையைத்தான்.

பதின்வயதில் இது இன்னொரு மாதிரி. மூளை ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. இன்பத்தையும் துணிச்சலையும் தேடும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் முன்மூளை முழுதாக முதிர 20 வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகும். பிறேக் இன்னும் பூட்டி முடியாத சைக்கிளில் இருக்கிற பிறேக்கையும் கழற்றுவது போன்றது பதின்வயதுக் குடி. இதில் ஒரு பொறியும் உண்டு. நித்திரையும் தள்ளாட்டமும் பெரியவருக்கு வருகிற வேகத்தில் இளையவருக்கு வருவதில்லை என்பதை விலங்குகள் மீதான பரிசோதனைகள் காட்டுகின்றன. 'எனக்கு ஒண்டும் செய்யேல்ல' என்று அந்தப் பிள்ளை இன்னும் குடிக்கும். அதே நேரத்தில் புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி பெரியவரை விடக் கூடுதலாகப் பாதிக்கப்படும். படித்தது நிற்காது.

அமெரிக்காவில் 1990களில் பெருந்தொகையானோரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆராய்ந்த கிராண்ட், டோசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 வீதத்தினர் வாழ்நாளில் ஏதோவொரு காலத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம். வீட்டுச் சூழல் போன்ற வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கும். ஆனாலும் இந்த இடைவெளி சின்னதல்ல. மந்தப்படுத்தும் மருந்து என்பதால் ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவரை அது இன்னும் கீழே இழுக்கும். நித்திரை வரவைப்பது போலத் தோன்றி, பின்னிரவில் நித்திரையைக் கெடுக்கும். காயம் ஆறாத ஒரு மண்ணுக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து இல்லை.

'கொஞ்சமாக் குடிச்சா என்ன?' என்ற கேள்விக்கும் நபிமொழியில் விடை உண்டு: அதிகம் போதை தருவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

எங்களுடைய பங்கு

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை அமைந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பது குற்றம். விளம்பரமும் தடை. நல்ல சட்டம். ஆனால் அதே அரசின் திறைசேரி மதுவரியை எதிர்பார்த்து நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் குத்தகை பெயர் மாறி இருக்கிறது. 2024 டிசம்பரில் மதுபான அனுமதிப்பத்திரங்களின் விவரம் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது கிளிநொச்சியின் பெயரும் அடிபட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் அருகே மதுபானசாலை வேண்டாம் என்று வன்னி மக்கள் வீதியில் இறங்கிய செய்திகளையும் வாசித்திருக்கிறோம். அந்த மறியல்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். 1920களில் வாக்குச்சீட்டால் தவறணையை மூடியவர்களின் பேத்திகள் அவர்கள். பள்ளிவாசல் நிருவாகிகளும் உலமாக்களும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். கோயில் ஐயரோடும் பாதிரியாரோடும் சேர்ந்து நிற்க இதைவிட ஹலாலான காரணம் கிடைக்குமா?

அடுத்து எங்கள் வீடு. 'எங்கட பிள்ளைகள் குடிக்காது' என்ற நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம் கண்மூடல் உண்டு. புத்தளத்தில் வளர்ந்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பி வந்த இளைஞருக்குக் காணியும் முழுதாக இல்லை, தொழிலும் இல்லை. சாராயம் மணக்கும், வீட்டில் பிடிபடும் என்பதால் மணக்காத குளிசையையும் தூளையும் தேடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 'கம்ர்' என்ற சொல் மூடுதல் என்ற வேரில் பிறந்தது. அறிவை மூடுவது எதுவோ அது கம்ர் என்று உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். போத்தலில் வந்தாலும் பொட்டலத்தில் வந்தாலும் பெயர் ஒன்றுதான். மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர் மட்டுமே. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். குடிக்காமல் இருப்பதோடு எங்கள் கணக்கு முடிவதில்லை. கடைக்கு இடம் வாடகைக்குக் கொடுப்பவரும் லொறியில் ஏற்றுபவரும் அந்த ஹதீஸைத் தங்களுக்காக ஒருமுறை வாசிக்கட்டும்.

பிடிபட்ட பிள்ளையை என்ன செய்வது? ஊரில் அவமானப்படுத்தி, பள்ளிக்கூடத்தால் நிறுத்தி, மஹல்லாவால் ஒதுக்கிவிடுவது இலேசு. குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒரு ஸஹாபியைச் சபித்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். இதுவும் புகாரியில்தான் இருக்கிறது. தண்டனை இருந்தது, ஆனால் கதவு மூடப்படவில்லை. எங்கள் மாவட்ட வைத்தியசாலைகளில் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பின்னேரம் விளையாட ஒரு மைதானம், மாதத்தில் ஒருமுறை பெற்றாரும் ஆசிரியரும் உட்கார்ந்து பேச ஓர் இடம், கைத்தொழில் பழக ஒரு பயிற்சி நிலையம். இவை பள்ளிவாசலின் வேலையில்லை என்று சொல்பவர்கள், உள்ளம் முன்னால் சட்டம் பின்னால் என்ற அந்த வரிசையை மறந்தவர்கள்.

ஒல்லாந்தரின் குத்தகை போய்விட்டது. 1920களின் வாக்கும் பழங்கதையானது. துவக்கும் ஓய்ந்தது. கட்டளை கேட்டவுடன் எழுந்து கொட்டிய அந்த மதீனா வீட்டின் தடை மட்டும் 1400 ஆண்டுகளாகக் காவலாள் இல்லாமல் நிற்கிறது. அன்று குவளையைக் கீழே வைத்த அனஸ் (ரழி) பிறகு முதுமை வரை வாழ்ந்து, ஆயிரக்கணக்கான நபிமொழிகளை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தார்கள். வன்னியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த வீட்டுப் பெரியவர்களின் இடத்தில் இன்று இருக்கிற நாங்கள்தான்.